ஜாமீன் கேட்டு வந்த ஸ்போர்ட்ஸ் கார்

சென்ற மாதம் ஒரு மாலை நண்பர் ஒருவரின் மகன் நமது மண்டிக்கு வந்தார். பருப்பு விலை பேச வரவில்லை. தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஃப்ரீமான்டிலில் இறக்கி, அங்கிருந்து கிழக்குக் கரையில் உள்ள சிட்னி வரை தானே ஓட்டிப் போகப் போகிறாராம். அதற்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும்; வங்கி ஜாமீன் கேட்கிறது; நாம் கையெழுத்துப் போட வேண்டும். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். "அந்த ஊரில் வாடகைக்குக் கார் கிடைக்காதா தம்பி?" என்றார் ஒருவர். "கிடைக்கும் பெரியப்பா. ஆனால் அது என் கார் இல்லையே" என்றார் பையன்.

நாமும் முதலில் சிரித்தவர்தான். ஆனால் ஜாமீன் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சிரிப்பு நிற்பதில்லை. 1994-இல் ஒரு லாரிக் கடனுக்கு உறவுமுறைக்காகப் படித்துப் பாராமல் கையெழுத்துப் போட்டோம். லாரியை எடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார். கடன் கொடுத்த நிறுவனம் அவரைத் தேடவில்லை, நேரே நம் கடைக்கு வந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க நமக்கு நான்கு தீபாவளிகள் ஆயின. நமது உறுப்பினர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று வசதியாக இருக்கிறார்கள், இதுபோன்ற ஆசைகளும் வருகின்றன. பெரியவர்களாகிய நாம் ஒன்று கேலி செய்து அனுப்பிவிடுகிறோம், அல்லது பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறோம். இரண்டையும் செய்யாமல் தாள்களை வாங்கிவைத்துப் படித்தோம்.

இந்த விவகாரத்தின் உயிர்நாடி கார் அல்ல, ஒரு புத்தகம். அதன் பெயர் கார்னே டி பாஸாஜ். மோட்டார் சங்கங்கள் கொடுப்பது. ஒரு நாட்டுக்குள் கார் நுழைந்தால் இறக்குமதி வரி கட்ட வேண்டும் அல்லவா? "இது விற்பனைக்கு வந்த சரக்கல்ல, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், திரும்பாவிட்டால் வரிக்கு நாங்கள் பொறுப்பு" என்று அந்த நாட்டுச் சுங்கத்துக்கு மோட்டார் சங்கம் கொடுக்கும் வாக்குதான் அந்தப் புத்தகம். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நுழையும்போது ஒரு துண்டைச் சுங்கம் கிழித்துக்கொள்ளும், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த அடிக்கட்டை நம் கையில் நிற்கும். நாம் பில் புத்தகத்தில் அடிக்கட்டை வைத்துக்கொள்கிற மாதிரிதான். வெளியேறிய முத்திரை இல்லை என்றால் சுங்கம் சங்கத்தைக் கேட்கும், சங்கம் வங்கியைக் கேட்கும், வங்கி ஜாமீன்தாரரைக் கேட்கும். உத்தரவாதத் தொகை காரின் மதிப்பையும் போகிற நாட்டையும் பொறுத்தது. சாதாரணக் காருக்குத் தாங்கக்கூடிய தொகை, ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு குடோனின் விலையாகிவிடுகிறது.

இதில் நம்மவர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கார் அங்கே மோதி நொறுங்கிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியாது. நொறுங்கிய காரையும் கப்பலேற்றித் திருப்ப வேண்டும். அல்லது சுங்கத்தின் அனுமதியோடு அங்கேயே அழித்து அதற்குத் தாள் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடாத காருக்கும் வரி கேட்பார்கள்.

பலசரக்குக் கடைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஆஸ்திரேலியாவில் இறங்கும் வண்டியில் ஒட்டிய மண், விதை, பூச்சி எதுவும் இருக்கக் கூடாது. சோதித்துப் பார்த்து, இருந்தால் நம் செலவில் சுத்தம் செய்ய வைப்பார்கள். நம் குடோன் கோதுமை மூட்டையில் கப்ரா வண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வண்டு தங்கள் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று அவர்கள் 2020-இலிருந்து கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். பையன் தன் காரின் பின்சீட்டில் எப்போதாவது சாம்பிள் பை எடுத்துப் போனதுண்டா என்று கேட்டோம். தலையைச் சொறிந்தார். சீட்டின் அடியில் நான்கு பயறு கிடந்தாலும் அங்கே துறைமுகத்தில் நாள் கணக்கில் நிற்க வேண்டியதுதான்.

இனி சாலை. சுமார் 4,000 கிலோமீட்டர். நடுவில் நல்லர்பார் என்ற மரமற்ற சமவெளி. அதன் வழியாகப் போகும் ஐயர் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூடக் கிடையாது. ஊர்கள் இல்லை, பெட்ரோலும் சாப்பாடும் படுக்கையும் சேர்ந்த சாலையோர விடுதிகள்தான் நெடுந்தூரத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. அந்தி மயங்கினால் கங்காரு குறுக்கே பாயும். கிழக்கே போகிறவர்களைச் செடூனாவில் நிறுத்திப் பழம், காய்கறி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் பழைய சோதனைச் சாவடியில் லாரியோடு காத்துக் கிடந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தச் சாலையைப் பற்றிப் படிக்கும்போது 1968-இல் நடந்த லண்டன் - சிட்னி மாரத்தான் கார் போட்டி நினைவுக்கு வந்தது. நவம்பர் 24 அன்று லண்டனில் 98 கார்கள் புறப்பட்டன. ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து டில்லி வழியாக அன்றைய பம்பாய். அங்கிருந்து கப்பலில் ஃப்ரீமான்டில். பெர்த் நகரிலிருந்து மீண்டும் சாலையில் சிட்னி. அப்போது ஐயர் நெடுஞ்சாலை முழுவதும் தார் போடப்படவில்லை, அந்த வேலை முடிந்தது 1976-இல். முதல் பரிசு 10,000 பவுண்டு. சிட்னியை எட்டியவை 56 கார்கள். வென்றது எந்த ஸ்போர்ட்ஸ் காரும் அல்ல; ஆண்ட்ரூ கோவன் குழு ஓட்டிய ஹில்மன் ஹண்டர் என்ற சாதாரணக் குடும்பக் கார். ஸ்போர்ட்ஸ் காரால் முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. போலந்துக்காரர் சோபியஸ்லாவ் ஸசாடா, கங்காருவுக்காக முன்னால் கம்பி கட்டிய போர்ஷ் 911-இல் நான்காவதாக வந்தார்.

நமக்குப் பிடித்தது ரோஜர் கிளார்க் கதை. பம்பாய் வந்தபோது அவருடைய லோட்டஸ் கார்டினாதான் முன்னிலை. ஆஸ்திரேலியாவில் இன்ஜின் கோளாறாகி, அதே கம்பெனியின் இன்னொரு காரிலிருந்து பாகத்தைக் கழற்றி மாட்டினார்கள். பிறகு பின்சக்கர டிஃபரன்ஷியல் போயிற்று. சாலையோரத்தில் யாரோ ஒருவரின் கார்டினா நின்றிருந்தது. அந்த ஆளிடம் பேசி, தயங்கியவரைச் சம்மதிக்க வைத்து, அவர் காரின் பின் ஆக்ஸிலையே விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு போனார்! பத்தாவதாக முடித்தார். கார்டினா எங்கும் ஓடுகிற சரக்கு, அதனால் கிடைத்தது. நம் பையனின் காருக்கு அந்தச் சமவெளியில் டயர்கூடக் கிடைக்காது. அந்த வகைக் காரில் ஸ்டெப்னியும் கிடையாதாம். காற்றடித்து ஒட்டும் மருந்து மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் லூசியன் பியாங்கி. அதே 1968-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவர்களில் ஒருவர். சிட்னி எட்டும் தூரத்தில், எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த அவருடைய சிட்ரோயன் எதிரே வந்த ஒரு சின்னக் காரோடு மோதிப் போயிற்று. ஜாமீன் நிற்பவன் நினைக்க வேண்டியது இவரைத்தான்.

இவ்வளவும் படித்த பிறகு மறுத்துவிட்டோமா என்றால், இல்லை. வியாபாரக் கடனுக்கு நின்ற ஜாமீன் எந்த நாளில் முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றைப் புதுப்பித்து இன்னொன்றாக அது ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் புத்தகத்துக்கு ஆயுள் ஒரு வருடம். அதோடு, பையன் கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், சுத்தம் செய்யும் செலவு என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நம் ஆட்கள் புதுக் கிளை திறக்கும்போது இதில் பாதி எழுதுவதில்லை. ஆசைக்காகச் செலவு செய்வது நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், பணம் அவருடையது.

ஆனால் அவருடைய கணக்கில் திரும்பி வரும் கப்பல் கூலி மட்டும் "பிறகு" என்று எழுதியிருந்தது. அங்கேதான் பேனாவை மூடினோம். அந்தத் தொகையை முன்கூட்டியே நம் இருவர் பெயரிலும் டெபாசிட்டாகப் போட வேண்டும் என்றோம். விபத்துக்குள்ளான காரைத் துறைமுகம் வரை இழுத்து வரும் செலவும் இன்ஷூரன்ஸில் அடங்க வேண்டும், அந்திக்குப் பிறகு ஓட்டக் கூடாது, ஒவ்வொரு முத்திரைக்கும் அன்றே படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சொன்னோம். முகம் சுருங்கிப் போனார். "அப்பாகூட இவ்வளவு கேட்கலை பெரியப்பா" என்றார். அப்பா கையெழுத்துப் போடவில்லையே தம்பி என்றோம்.

பத்து நாள் கழித்து டெபாசிட் ரசீதோடு வந்தார். கையெழுத்திட்டோம். நகல் நம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கார் அடுத்த மாதம் கப்பலேறுகிறது. இப்போது அதைத் துடைத்துத் துடைத்துப் பயறு தேடிக்கொண்டிருக்கிறார்.