இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருக்கு?

நூலகத்தில் புத்தகம் இரவல் பெற வரிசையில் நின்ற அனுபவம் நம் வயதினர் பலருக்கு இருக்காது. பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். புத்தகங்களை முகப்பில் கொடுத்துவிட்டு, ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறை வந்தால் அந்த வரிசை இன்னும் நீளும்.

அந்த வரிசையைக் கலைத்தது ஒரு சிறிய சில்லு. 1998ல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் தேசிய நூலக வாரியம் ஆர்எஃப்ஐடி எனும் வானலை அடையாளத் தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் அது எல்லாப் பொது நூலகங்களுக்கும் பரவியது. ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளேயும் மின்கலம் தேவைப்படாத ஒரு சில்லு ஒட்டப்பட்டிருக்கும். கருவி அனுப்பும் வானலையே அதை விழிக்கச் செய்யும். பட்டைக்குறியீட்டை ஒவ்வொன்றாகத்தான் வருட முடியும். இந்தச் சில்லு இருந்தால் புத்தகங்களை அடுக்கியபடியே வைத்துவிடலாம். கருவி எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும்.

அதன்பிறகு வந்தவை நமக்கே தெரியும். திறன்பேசிச் செயலியில் குறியீட்டை வருடிப் புத்தகத்தை எடுத்துச் செல்கிறோம். நள்ளிரவிலும் மின்னூலைப் பதிவிறக்குகிறோம். ஏ-ஸ்டார் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு ரோபோ 2016 வாக்கில் பாசிர் ரிஸ் நூலகத்தில் சோதிக்கப்பட்டது. நூலகம் மூடிய பிறகு அது அலமாரிகளுக்கு இடையே நகர்ந்து, சில்லுகளைப் படித்து, இடம் மாறியிருக்கும் புத்தகங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கும்.

இவை எல்லாம் செய்தது ஒன்றுதான்: நேரத்தை மிச்சப்படுத்தின. முத்திரை குத்துவதிலும் அலமாரி சரிபார்ப்பதிலும் போன மனித நேரம் விடுபட்டது. அந்த நேரம் எங்கே போக வேண்டும் என்பதே என் கேள்வி. இயந்திரத்தால் சரியாகச் செய்ய முடியாத வேலைக்குத்தான் அது போக வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் வாசகர்களாகிய நமக்கு அந்த வேலை எது என்பதும் தெளிவாகவே தெரிகிறது. அது தேடிக் கண்டடைவது.

ஓர் எடுத்துக்காட்டு. ‘தங்கம்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால் நாம் ‘டி’, ‘எச்’ என்று தொடங்குவோம். நடுவில் ‘ஜி’ போடுவோம். உலகின் பெரிய நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளைப் பட்டியலிட நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் உரோமன் எழுத்து அட்டவணையில் இந்தச் சொல்லுக்கு ‘எச்’சும் கிடையாது, ‘ஜி’யும் கிடையாது. ‘த’ என்றால் ‘டி’ மட்டும். ‘க’ என்றால் எங்கே வந்தாலும் ‘கே’. ‘சிங்கப்பூர்’ என்ற சொல் ‘எஸ்’ எழுத்தில் தொடங்காது, ‘சி’ எழுத்தில் தொடங்கும்.

இதை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கணினிகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே உரோமன் எழுத்து என்று வைத்தால்தான் அதைப் பிழையின்றி மீண்டும் தமிழாக்க முடியும். நூலகருக்கு அது நல்ல விதி. ஆனால், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் தம் உச்சரிப்புப்படி தட்டிப் பார்த்து, ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால் என்ன நினைப்பார்? புத்தகம் இல்லை என்றே நினைப்பார். அது இரண்டாம் மாடி அலமாரியில் சமர்த்தாக அமர்ந்திருக்கும்.

தவறான இடத்தில் இருக்கும் புத்தகத்தை ரோபோ கண்டுபிடித்துவிடும். சரியான இடத்தில் இருந்தும் யார் தேடலிலும் சிக்காத புத்தகத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

பெயர்களிலும் இதே சிக்கல்தான். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். இரண்டும் ஒருவரே என்று யாராவது பதிவில் இணைத்து வைத்தால்தான் கணினிக்குத் தெரியும். புனைபெயர், தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர் என்று பல பெயர்களில் எழுதுவது நம் எழுத்தாளர்களின் மரபு. சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களும் அதற்கு விலக்கல்லர். தமிழ் படித்த ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய அச்சு இன்னொரு சவால். 1887ல் இங்கே வெளிவரத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் பழைய பக்கங்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்புகளில் பார்க்கலாம். பக்கத்தைப் படமெடுத்து வைப்பது முதல் படிதான். அந்தப் படத்தில் உள்ள எழுத்துகளைக் கணினி அடையாளம் கண்டு சொற்களாக மாற்றினால்தான் உள்ளே தேட முடியும். மங்கிய மையும் நெருக்கமாகக் கோத்த எழுத்தும் மென்பொருளைத் தடுமாற வைக்கின்றன. தமிழக அரசு 1978ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. தும்பிக்கை போன்ற சுழியுடன் இருக்கும் அந்த வடிவத்தை நம்மில் பலரே உடனே படிக்க மாட்டோம்.

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. கேள்வி கேட்டால் நூலகத் தொகுப்பிலிருந்து பதில் தரும் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. எஸ். ராஜரத்தினத்தைப் பற்றி உரையாடலாகக் கேட்டறிய உதவும் ‘சாட்புக்’ ஒன்றைத் தேசிய நூலக வாரியம் 2024ல் அறிமுகம் செய்தது. நல்ல முயற்சி. ஆனால், இத்தகைய கருவிகள் கணினியால் படிக்க முடிந்ததை மட்டுமே அறியும். படமாக மட்டும் இருக்கும் பக்கம், பிழையாகப் பதிவான பெயர் இரண்டும் அவற்றைப் பொறுத்தவரை இல்லாதவையே. நாளை ஒரு மாணவி, “என் தாத்தா காலத்தில் இங்கே தமிழர்கள் என்ன எழுதினார்கள்?” என்று கேட்டால், பதில் வருவதும் வராததும் இன்று செய்யும் வேலையைப் பொறுத்தது.

“தமிழ் வாசகர்கள் குறைவு. அவர்களுக்காக இவ்வளவு செலவு தேவையா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொது நூலகம் கடை அல்ல. அதிகம் விற்பதை மட்டும் அடுக்கி வைக்க. நான்கு அதிகாரத்துவ மொழிகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் இந்த நாட்டு நூலகங்களின் அழகு. எல்லா மொழிக்கும் ஒரே கருவி, ஒரே அளவுகோல் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கலாம். அதிகம் இரவல் போனதையே முன்னால் காட்டும் பரிந்துரைப் பட்டியலில் ஒரு தமிழ் நாவல் எப்போதாவது தலைகாட்டுமா? சிறுபான்மை மொழிக்குத் தனிக் கவனம் தேவை.

தனிக் கவனம் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் ஏறியது. அதற்குப் பின்னால் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. தமிழுக்கு யாராவது வழி செய்வார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. 2015ல் நாட்டின் பொன்விழாவையொட்டி, தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 300க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்க வடிவில் நாட்டுக்கு வழங்கியது. நூலக வாரியத்தின் தொழில்நுட்பமும் தொண்டூழியர்களின் மெய்ப்புப் பார்க்கும் கண்களும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கின.

எனவே, நூலகங்களிடம் நான் எதிர்பார்ப்பவை இவை. நாம் எந்த உச்சரிப்பில் தட்டினாலும் சரியான தமிழ்ப் புத்தகம் வரும்படி தேடலைச் செம்மைப்படுத்த வேண்டும். செயலியின் தமிழ்ப் பரிந்துரைகளை எண்ணிக்கையிடம் மட்டும் விட்டுவிடாமல், தமிழ் நூலகர்களும் வாசகர் வட்டத்தினரும் இளையர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பக்கங்களை மெய்ப்புப் பார்க்கும் வேலையைப் பள்ளி மாணவர்களின் சமூக சேவை நேரத்தில் சேர்க்கலாம். ஒரு பிற்பகலில் பத்துப் பத்திகள் திருத்தினால் போதும். பழைய எழுத்து வடிவமும் கைவரும், தாத்தா காலத்துச் செய்தியும் தெரியவரும்.

நம் பங்கும் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, “தமிழ்ப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது” என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. பல நூலகங்களில் எந்த நூலை வைத்திருப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுக்க இரவல் கணக்கையும் பார்க்கிறார்கள். வேண்டிய பக்கங்களைத் திறன்பேசியில் படமெடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்ப வைத்தால், அந்த நூலை யாரும் தொடவில்லை என்றே கணக்கு சொல்லும். ஒருமுறை இரவல் பெறுவது ஒரு வாக்களிப்பதைப் போல. அந்தச் சில்லுக்கு நம் ஆர்வம் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும்.

இந்த வாரம் நூலகச் செயலியைத் திறந்து, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, உங்களுக்குப் பிடித்த ஓர் எழுத்தாளரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கிடைத்தால் இரவல் பெறுங்கள். கிடைக்காவிட்டால் வேறு எழுத்துக்கூட்டலில் ஒருமுறை முயலுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நூலகரிடம் சொல்லுங்கள். முடிந்தால் எழுத்திலேயே கொடுங்கள். அதைக் கேட்கத்தான் இயந்திரங்கள் அவருக்கு நேரம் மிச்சப்படுத்தித் தந்திருக்கின்றன.