யூனிஃபார்மைக் கழற்றிய பிறகு

சானமாவு பக்கம் பலருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஓசூர் தொழிற்சாலைகள் நாலாவதாகக் கொஞ்சம் ஜப்பானிய மொழியும் கற்றுக்கொடுத்தன! செய்ரி, செய்டன் என்று ஆரம்பிக்கும் 'ஃபைவ் எஸ்' ஒழுங்குமுறை. டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசையே வாங்கியது.

எதிர்வீட்டு அண்ணா வேறொரு கம்பெனியில் முப்பது வருஷம். வீட்டு வாசலில் செருப்பு விட மஞ்சள் கோடு போட்டிருக்கிறார். ராகி டப்பாவுக்கும் லேபிள். அண்ணி பாவம், உப்பை இடம் மாற்றினால் விளக்கம் எழுதித் தரவேண்டும்!

ரிடையராகி ஆறு மாசம். இன்னும் விடிகாலையில் ஷேவ் செய்துகொண்டு கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்.

"எங்கேண்ணா?"

"சும்மாதாம்ப்பா. பஸ் டயத்துக்கு வருதான்னு பார்க்கிறேன்."

செய்ரி என்றால், வேண்டாததைக் கழிப்பது. கம்பெனி அவரைக் கழித்துவிட்டது. அண்ணாவுக்குத்தான் கம்பெனியைக் கழிக்கத் தெரியவில்லை.