பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பத்தியம் வேண்டாம்: எளாவூரிலிருந்து எங்கள் நிலைப்பாடு

எளாவூரிலும் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்குத் துணையாக நிற்பவர்கள் நாங்கள். மார்பகத்தில் தொடங்கிய நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்ட வீடுகளில், மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது?" என்று கேட்கிறார்கள். எங்கள் பதில் இதுதான். எந்த உணவும் பரவிய புற்றைக் கரைக்காது. ஆனால் பத்தியத்தில் வற்றிப்போன உடம்பு சிகிச்சையைத் தாங்காது. வயிறு ஏற்பதையெல்லாம் அவர் சாப்பிடட்டும். முட்டையும் மீனும் பருப்பும் தட்டில் இருக்கட்டும்.

நோய் என்று தெரிந்த வாரமே பத்தியம் தொடங்கிவிடுகிறது. பழவேற்காட்டு இறாலும் நண்டும் கரப்பான் என்று முதலில் நிறுத்தப்படுகின்றன. அடுத்து கருவாடு, கத்தரிக்காய். முட்டை சூடு, பால் கட்டியை வளர்க்கும், கோழியில் ஊசி போடுகிறார்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒன்றொன்றாகக் கழிக்க, கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும்தான். சிகிச்சையில் இருப்பவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 18 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் 10 கிராம். இவற்றை எல்லாம் விலக்கிவிட்டுக் கஞ்சியை மட்டும் எத்தனை முறை ஊற்றினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும்.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் சாகும் என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகம் எடுக்கின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அது உண்மை. ஆனால் மூளை இயங்குவதற்கும் குளுக்கோஸ் வேண்டும். நாம் சாப்பிடாவிட்டால் கல்லீரல் தசையைக் கரைத்தாவது அதைத் தயாரித்துவிடும். நீரிழிவு இருப்பவர் அதற்குரிய கட்டுப்பாட்டில் இருக்கட்டும். மற்றவர்கள் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு அஞ்ச வேண்டாம்.

உணவால் நோய் மீண்டும் வராமல் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொடக்கக் கட்ட மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த 3,088 பெண்களில் ஒரு பகுதியினர் காய்கறி, பழங்களை நிறையக் கூட்டி, கொழுப்பைக் குறைத்து ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டார்கள். 2007இல் வந்த முடிவில், நோய் திரும்புவதிலோ இறப்பிலோ மற்றவர்களோடு வித்தியாசம் தெரியவில்லை. தொடக்கக் கட்டத்திலேயே இப்படி என்றால், பரவிய பிறகு ஒரு ஜூஸ் குணப்படுத்திவிடும் என்று சொல்பவரை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

முள்சீத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழம், இலைக் கஷாயம், பொடி என்று வாட்ஸ்அப் வழியாக வந்து நல்ல விலைக்கு விற்கிறது. சோதனைக்கூடத்தில் அணுக்களின் மேல் நடந்த ஆய்வுகளைத் தவிர, மார்பகப் புற்றுள்ள பெண்களைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, கரீபியன் தீவான குவாதலூப்பில் இதை அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சள் கேப்சூலும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். மருத்துவத்தை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பிய, நோய் பரவாத மார்பகப் புற்று நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்ததாக 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கஷாயத்துக்குச் செலவாகும் பணத்தில் முட்டை வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சிகிச்சை நாள்களுக்குச் சில குறிப்புகள். கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையை, உணவு சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். வெள்ளி, செவ்வாய் விரதம் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்ப்புண் இருந்தால் காரம் இல்லாமல் குழைத்த பருப்பு சாதம், தயிர், கேழ்வரகுக் கூழ். குமட்டல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. எளாவூரில் காலை ரயில் ஏறி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லி மருத்துவமனையிலோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வரிசையில் காத்திருந்து இருட்டிய பின் திரும்பும் நாளில் டீயும் பன்னுமே பலருக்குச் சாப்பாடு. வேகவைத்த முட்டையும் வேர்க்கடலையும் கட்டிக்கொண்டு போங்கள்.

நோய் இறுதிக்கு வரும்போது பசி தானாக அடங்கும். அது நோயின் இயல்பு. "ஒரு வாயாவது வாங்கிக்கோம்மா" என்று மகள் அழுதுகொண்டே ஊட்டுவதையும், அம்மா அவளுக்காகவே விழுங்கிப் பின் வாந்தி எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நாள்களில் வற்புறுத்த வேண்டாம். சாப்பிடாததால் அவர் போகவில்லை. நோய் முற்றியதால்தான் சாப்பிட முடியவில்லை. உதட்டை ஈரத் துணியால் நனைத்து, கேட்டதைக் கேட்ட அளவு கொடுத்தால் போதும். கரப்பான் என்று நீங்கள் ஒதுக்கிய இறாலைத்தான் கேட்கிறார் என்றால் அதையும் கொடுங்கள்.

அரசிடமும் கேட்கிறோம். காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டு, 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. பரவிய புற்றுநோயோடு வாழும் ஏழைப் பெண்களுக்கும் அதே உதவி வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணத்துக்காக வீடு தேடி வரும் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் நோயாளியின் எடையைப் பார்த்து எழுத வேண்டும். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால், அவரை உணவியல் வல்லுநரிடம் அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும்.