ஒண்ணும் ஆகாது

‘ஒண்ணும் ஆகாது’ என்று இனி என் வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று நான் சொல்லி இரண்டரை வருடம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான். நல்ல மனசோட சொன்னா இவன் முறைக்கிறானே என்கிறார்கள். அவர்கள் மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனசுக்கு என் மகள் என்ன விலை கொடுத்தாள் என்பதுதான் என் பிரச்சினை.

அப்போது அவளுக்கு ஐந்தரை மாதம். மனைவி குழந்தையோடு சாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள், நான் சென்னையில். ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் இரண்டு கைகளும் சட்டென்று விரிகின்றன, தலை முன்னால் குனிகிறது. ஒரு விநாடிதான். பிறகு தளர்கிறது. சில விநாடிகள் கழித்து மறுபடியும் அதே. “திடுக்கிடுறது மாதிரி இல்லைங்க. நான் எண்ணினேன், 14 தடவ” என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டு நான் அனுப்பிய பதில் இன்னும் அந்த உரையாடலில் இருக்கிறது: ‘கனவு கண்டிருப்பா. ஒண்ணும் ஆகாது.’

மாமியார் உரம் விழுந்திருக்கிறது என்றார். புடவையில் போட்டு உருட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி மாந்தம் என்றார். வசம்பைச் சுட்டு உரசித் தடவினார்கள். (பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் வேறு.) தெருமுனை டாக்டர் வாயு என்று சொட்டு மருந்து எழுதினார். நான்கு பேருக்கும் நான்கு காரணங்கள், முடிவு மட்டும் ஒன்று. மனைவி ஒருத்திதான் அந்த முடிவுக்கு வரவில்லை. அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எண்ணி எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, தூங்கும் முன்னாலா எழுந்த பிறகா என்று. 12ஆம் நாள் குறிப்பில் எண்ணே இல்லை. ‘இன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கல’ என்று மட்டும் இருந்தது.

குழந்தைகள் நரம்பியல் நிபுணரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது 19ஆம் நாள். அவர் வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. தூக்கத்தில் ஈஈஜி எடுக்கச் சொன்னார். அலைகளில் ஓர் ஒழுங்கும் இல்லை, கிறுக்கி வைத்த மாதிரி இருந்தது. நோய்க்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அப்பா இருக்கிறார். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் மருத்துவராக இருந்தவர். 1841 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் அவருடைய கடிதம் ஒன்று வெளியானது. நோயாளி அவருடைய சொந்த மகன், ஒரு வயதுகூட நிரம்பாதவன். தலை எப்படி முழங்காலை நோக்கிக் குனிகிறது, ஒரு வரிசையில் எத்தனை தடவை, அது எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை வரிசை என்றெல்லாம் எழுதுகிறார். தலைக்கு அட்டை விட்டதையும் ஈறைக் கீறியதையும் பேதி மருந்து கொடுத்ததையும், எதுவும் கேட்காமல் போனதையும் சொல்கிறார். பையன் சிரிப்பதில்லை, எதையும் கவனிப்பதில்லை என்பதையும் மறைக்கவில்லை. லண்டனின் பெரிய மருத்துவர்களிடம் காட்டியிருக்கிறார். அவர்களில் சார்லஸ் கிளார்க் என்பவர் இதற்கு ‘சலாம் வலிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார். அதற்குமேல் அவரிடமும் எதுவும் இல்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றுதான் ஒரு தகப்பன் மருத்துவ உலகத்துக்கே கடிதம் எழுதினார். அந்தப் பையன் 20 வயதில் இறந்துபோனான்.

அந்தக் கடிதத்தில் ஆறுதல் என்று ஒரு வரி கிடையாது. ஒரு பிள்ளையைப் பற்றித் தகப்பன் எழுதியதில் இதைவிடப் பாசமான எழுத்தை நான் படித்ததில்லை. நம் சிறுகதைகளில் குழந்தைக்கு நோய் வந்தால் அப்பாவுக்கு ஞானம் வருகிறது. மொட்டைமாடிக்குப் போய் நட்சத்திரம் பார்க்கிறார், தன் அப்பாவை நினைத்துக்கொள்கிறார். குழந்தைக்கு என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை மணிக்கு என்று அந்தக் கதைகளில் யாருக்கும் தெரியாது. வெஸ்டுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. என் மனைவிக்கும்.

எண்ணுவது ஏன் முக்கியம் என்றால், இந்த நோய்க்குக் கடிகாரம் இருக்கிறது. 1841இல் மருந்து இல்லை. 1958இல் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி கேட்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இப்போது அதோடு ஸ்டீராய்டு மாத்திரையும் விகாபாட்ரினும் இருக்கின்றன. பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2011இல் வந்தது. வலிப்பு தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை ஆன தாமதத்தை ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று பிரித்துப் பார்த்தார்கள். தாமதம் கூடக்கூட, நான்கு வயதில் குழந்தையின் வளர்ச்சி மதிப்பெண் குறைந்திருந்தது. எங்கள் 19 நாட்கள் எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்று பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கேதான் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நம்பிக்கை வேண்டாமா, பெற்றவர்களைப் பயமுறுத்தினால் ஆயிற்றா என்கிறார்கள். நம்பிக்கை வேண்டும்தான். ஆனால் ‘ஒண்ணும் ஆகாது’ நம்பிக்கை அல்ல. எதிரில் நிற்பவரின் பயத்தைத் தாங்க முடியாமல் அதை மூடிவைக்கும் மூடி. சொல்கிறவருக்கு அப்போதே நிம்மதி, அவர் காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். கேட்கிறவள் தன் கண்ணால் பார்த்ததைத் தானே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். இன்னொரு கொடுமை, விஷயம் பெரிது என்று தெரிந்ததும் இதே வாய்கள் கேட்ட கேள்வி: “கிரகணத்தன்னிக்கு வெளிய போனியாம்மா?” சும்மா இருக்கச் சொன்னவர்கள்தான் பழி சுமத்தவும் முதலில் வந்தார்கள்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆபீசில் எப்போதாவது வந்து போகும் ஒரு பிழையைப் பற்றி யாராவது புகார் செய்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை தடவை என்று. அந்த விவரத்தோடு வந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். என் மனைவி அந்த விவரத்தோடுதான் வந்தாள்.

உண்மையான ஆறுதல் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நர்ஸிடமிருந்து. வார்டில் முதல் நாள் ராத்திரி அவர் எங்களை உட்காரவைத்து, ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து பாலாடையில் எப்படிக் கொடுப்பது என்று செய்து காட்டினார். “பிள்ள எரிச்சலா இருக்கும், ஓயாம பசிக்கும், முகம் உப்பும், பயந்துராதீங்க. நீங்களா மட்டும் மாத்திரைய நிறுத்திராதீங்க. பிரஷர் பார்த்துக்கிட்டே இருக்கணும். சளி, காய்ச்சல் உள்ளவங்களப் பக்கத்துல விடாதீங்க. தடுப்பூசிய டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க.” பிறகு மனைவியின் காலண்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, “இத விட்டுராதம்மா” என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

மாத்திரையில் வலிப்பு நின்றது, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. விகாபாட்ரின் தொடங்கினார்கள். அது பார்வைப் புலத்தின் ஓரங்களைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனைகளும் சேர்ந்துகொண்டன. மறுபடி நின்றது. இப்போது அவளுக்கு மூன்று வயது. உட்காருகிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேச்சு இல்லை. சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

அந்த 19 நாட்கள் போகாமல் இருந்திருந்தால் பேசியிருப்பாளா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். பிறந்ததும் அவளுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம், நம் ஊரில் இது நிறையப் பார்க்கிறோம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தெரியாது” என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

போன மாதம் கூட வேலை பார்க்கிறவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அவர் தங்கச்சி பையன், நாலு மாதம், ஊர் திருப்பத்தூர் பக்கம். இரண்டு முறை பார்த்தேன். ‘என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா நாளைக்குக் காலைலயே குழந்தைகள் நரம்பியல் டாக்டர்கிட்ட இந்த வீடியோவக் காட்டுங்க. அதுவரைக்கும் எண்ணி எழுதச் சொல்லுங்க’ என்று அனுப்பினேன்.

‘என்ன பாஸ், பயமுறுத்துறீங்க?’ என்று கேட்டார்.

‘ஆமா’ என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, வேலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.