பாதிக் கிணறு தாண்டிய கதை

தோழனே!

ஏலம் போடுவதைப் பார்த்திருப்பாய். கடன்பட்டவன் வீட்டு அண்டாவும் குண்டாவும் தெருவுக்கு வரும், தண்டோரா ஒலிக்கும், தலைகுனிந்து நிற்பான் குடும்பத்தலைவன். 2012 டிசம்பரில் அமெரிக்கச் சிக்காகோ நகரிலே ஓர் ஏலம் நடந்தது. அங்கே ஏலத்துக்கு வந்தது அண்டா அல்ல, அறிவு! ஏ123 சிஸ்டம்ஸ் என்னும் லித்தியம் மின்கல நிறுவனம். ஏலத்தில் எடுத்தது சீனத்து வான்சியாங். விலை, 25 கோடியே 66 லட்சம் டாலர்.

ஏ123 என்றால் நிறுவனத்தின் பெயரா, பேருந்தின் எண்ணா என்று கேட்பாய், நானும் கேட்டேன். துகளும் துகளும் ஈர்த்துக்கொள்ளும் விசையைக் கணக்கிட உதவும் ஹமாக்கர் மாறிலி தந்த பெயராம். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். அந்தக் கணக்கை என்னிடம் கேளாதே. கதையைக் கேள்.

2001-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் யெட்-மிங் சியாங்கும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் கையிலெடுத்த பொருள் லித்தியம் இரும்புப் பாஸ்பேட். விலை மிகுந்த கோபால்ட் வேண்டாம். எங்கும் கிடைக்கும் இரும்பு போதும். ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் எளிதில் தீப்பற்றாது. 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வகம் கண்டெடுத்த பொருள். அதற்கும் முன்னே, 1980-களில், அந்த வகைப் பொருள்களுக்கே பாதை வெட்டிய ஆய்வில் குட்இனஃபோடு தோள்கொடுத்து நின்றவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டு அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம்! 2019-ல் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் ஆற்றியவரும் அவரே. நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? நிமிரட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று.

இரும்புப் பாஸ்பேட்டுக்கு ஒரு குறை உண்டு. மின்சாரத்தைத் தயங்கித் தயங்கித்தான் கடத்தும். அதை நுண்ணிய துகளாக்கி, வேறு தனிமங்களைச் சிறிது கலந்து, அந்த நொண்டிக் குதிரையை ஓட வைத்தார்கள் சியாங் குழுவினர். மின்கலம் முதலில் துளையிடும் கருவிகளுக்குள் புகுந்தது. கண்டுபிடித்தது அமெரிக்கா, செய்து கொடுத்த ஆலைகளோ ஆசியாவில்!

2009-ல் அமெரிக்க அரசு விழித்தது. மோட்டார்த் தொழில் நொடித்து, வேலையிழந்தோர் வரிசை நீண்டு கிடந்த மிச்சிகனில் ஆலை எழுப்ப, 24 கோடியே 90 லட்சம் டாலர் மானியம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பங்குகள் சந்தைக்கு வந்தன. 13 டாலர் 50 சென்டுக்கு விற்ற பங்கு அன்று மாலையே 20 டாலரைத் தாண்டியது. 2010 செப்டம்பரில் லிவோனியா நகரில் ஆலை திறப்பு; அதிபர் ஒபாமா தொலைபேசியில் வாழ்த்தினார்.

மேடை தயார், விளக்கு தயார், நடிகர் தயார். கொட்டகையில் ஆள் இல்லை! நாடகக்காரனுக்குத் தெரியும் அந்த வேதனை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மின்காருக்கு 2009 சனவரியிலேயே கொரிய நாட்டு எல்.ஜி. கெம்மைத் தேர்ந்துவிட்டிருந்தது. எஞ்சிய பெரிய நம்பிக்கை ஃபிஸ்கர் என்னும் புதிய கார் நிறுவனம். 2012-ல் அந்தக் கார் ஒன்று சோதனை ஓட்டத்திலேயே நின்றுபோனது. லிவோனியா ஆலையில் ஒரு பற்றவைப்பு எந்திரம் சரியாக அளவமைக்கப்படாததன் விளைவு. குறையுள்ள மின்கலங்களை மாற்றித் தர 5 கோடியே 50 லட்சம் டாலர் ஆகும் என்றது நிறுவனம். இது நிர்வாகத்தின் பிழை. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் வாடிக்கையாளர் பலர் இருந்திருந்தால் ஒரு பிழையைத் தாங்கிக்கொண்டு எழுந்திருக்குமே!

2012 அக்டோபர் 16. ஒபாமாவும் ராம்னியும் தேர்தல் விவாத மேடையில் மோதிய அதே நாளில், நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அறிவித்த மானியத்தில் ஏறத்தாழப் பாதி செலவாகியிருந்தது. “பார்த்தீரா! அரசு தொழிலில் கை வைத்தால் இதுதான் கதி!” என்று எக்காளமிட்டனர் எதிர்த்தரப்பினர்.

அப்படியா? கடல் கடந்து பார். சீனமும் 2009-ல்தான் தொடங்கியது. ஆனால் ஆலைக்கு மட்டுமா கொடுத்தது? மின்வண்டி வாங்குவோர்க்கும் கொடுத்தது; ஆண்டுக்கணக்கில் கொடுத்தது. ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் பேருந்துகள் அனைத்தையும், 16,000-க்கு மேல், மின்பேருந்துகளாக்கியது. பெரும்பாலானவை பி.ஒய்.டி. நிறுவனம் செய்தவை, உள்ளே இருந்ததும் அதே இரும்புப் பாஸ்பேட்! அமெரிக்கா சுவருக்குப் பணம் கொடுத்தது, சரக்கு வாங்கப் போதிய ஆளைக் கொண்டுவரவில்லை. தொட்டது குற்றமல்ல தோழனே, பாதியில் விட்டதே குற்றம். ஏலம் எடுத்த வான்சியாங்கோ, 1969-ல் உழவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கியது!

2023 பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. 350 கோடி டாலரில் இரும்புப் பாஸ்பேட் மின்கல ஆலை. அவ்வாண்டு முடிவதற்குள் திட்டத்தின் அளவைச் சுருக்கிவிட்டார்கள் என்பது வேறு. இடம், அதே மிச்சிகன் மாநிலத்து மார்ஷல். லிவோனியாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரங்கூட ஆகாது. தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று வாங்குவது யாரிடம்? சீனத்தின் சி.ஏ.டி.எல். நிறுவனத்திடம்.