கோவிவனை மறந்த ஊர் வரலாறு

வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டியின் மாடியில் ஞாயிறுதோறும் கூடிப் படிப்பவர்கள் நாங்கள். அண்மையில் எடுத்துக்கொண்ட நூல், ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்ட மேனுவல். பின்னர் ஹெரால்டு ஸ்டூவர்ட் அதைத் திருத்தி விரித்தார். படித்து முடித்ததும் நண்பர்கள் சிலர் வழக்கமான பல்லவியைத் தொடங்கினர்: "வெள்ளைக்காரன் எழுதி வைத்திராவிட்டால் நமக்கு ஊர் வரலாறே கிடையாது." இக்கூற்றை நாங்கள் அடியோடு மறுக்கிறோம்.

அந்நூலின் உழைப்பை மறுக்கவில்லை. ஆயின் அது யாருக்காக எழுதப்பட்டது? மாவட்டத்தை ஆள வந்த அதிகாரிகளுக்கான கைநூல் அது. அவ்வாட்சியில் புலி, வெகுமதி கொடுத்துக் கொல்லப்பட வேண்டிய பிராணி; காடு, வருவாய். ஜவ்வாது மலையில் வாழ்ந்த மலையாளிகளும் வகைப்படுத்தப்பட வேண்டிய ஓர் இனமே.

இங்கிலாந்திலேயே வேறொரு மரபு இருந்தது. செல்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்து, அங்கேயே மறைந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1789இல் தம் ஊரின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். தகைவிலான் குருவியும் தோட்டத்து ஆமையும் அவருக்கு அண்டை வீட்டார். நமக்கு வந்து சேர்ந்ததோ ஒயிட்டின் கண் அன்று, கலெக்டரின் கண்.

நம்மிடம் அக்கண் இல்லாமலா இருந்தது? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உள்ளது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தியின் கல் அது. அவன் அருகே ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. வீரனையும் நாயையும் ஒரே கல்லில் பெயர் சொல்லி நிறுத்திய மண் இது. இன்று நம் ஊர் வரலாற்று மலர்களைப் புரட்டுங்கள்: அரசர், கோயில், கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி, அத்துடன் முடிந்தது.

இது வெறும் இலக்கிய ஆதங்கம் அன்று. தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக அத்தீர்ப்பு குறிக்கிறது. 2025 ஜனவரியில் மீண்டும் இழப்பீடு பற்றிய தீர்ப்பு வந்தது. நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கு உண்டு. பாலாற்று மடுவில் இருந்த மீனுக்கும் கரையில் மேய்ந்த நாரைக்கும் சாட்சி சொல்பவர் யார்? ஆற்றை மீட்போம் என்கிறார்கள். எந்த ஆற்றை?

"தோல் தொழில் இல்லையேல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சோறு ஏது?" என்பர். நியாயமான கேள்விதான். தொட்டியில் இறங்கித் தோலை ஊறவைத்தவரின் கையும் காலும் என்னவாயின என்பதும் அதே வரலாற்றில் எழுதப்பட வேண்டியதே. ஆற்றையும் அவரையும் எதிரெதிரே நிறுத்துவது, இருவரையும் எழுதாமல் விடுவதற்கான சாக்கு.

எனவே மேனுவலைப் போற்றியது போதும். பாலாற்றில் நீந்திய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என்ன மீன் பிடித்தார்கள், அதை எப்பெயரால் அழைத்தார்கள், எந்த ஆண்டோடு அது நின்றது என்று கேட்டு எழுதுவோம். அவர்கள் போய்விட்டால், காக்ஸ் துரையின் புத்தகம்கூட நமக்கு உதவாது.