மன அழுத்தத்துக்கு ஒரு நாற்காலி

வேலை செய்யும் இடத்தில் வரும் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தியானம் செய், நன்றாகத் தூங்கு, எதையும் பாசிட்டிவாக எடுத்துக்கொள். பி.காம் படிக்கும் எங்களுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் இது பாதி மருந்துதான் என்பது என் கருத்து.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ தீபாவளி நேரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். சேலை எடுத்துப் போடும் அக்காக்கள் மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருப்பார்கள். கால் வலியோடு நிற்பவரிடம் போய் "மூச்சை இழுத்து விடுங்க" என்றால் சரியாகிவிடுமா? அவருக்கு முதலில் தேவை ஒரு நாற்காலி!

அதைத்தான் 2021-ல் தமிழக அரசு சட்டமாக்கியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளாவில் 2018-லேயே இது வந்துவிட்டது. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி வாங்கியது அது.

ஆபீஸ் வேலைக்குப் போனால் இந்தக் கஷ்டமெல்லாம் இருக்காது என்று நினைக்காதீர்கள். அன்னா செபாஸ்டியன் என்ற 26 வயது ஆடிட்டர் புனேயில் இ.ஒய் குழும நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதத்தில், 2024 ஜூலையில் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய அம்மா கடிதம் எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அந்தச் சமயத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் மனவலிமையை வீட்டில் சொல்லித்தர வேண்டும் என்று சென்னையில் பேசினார். பலத்த எதிர்ப்பு வந்தது. வராதா பின்னே? சுமக்கிறவருக்கு மட்டும் பயிற்சி, சுமை ஏற்றுகிறவருக்கு ஒன்றும் கிடையாதா?

'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அப்படியென்றால் ஆளை மட்டும் சரிசெய்தால் போதாது, வேலையையும் சரிசெய்ய வேண்டும்.

மன உறுதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது மட்டுமே மன உறுதி இல்லை என்கிறேன். இன்டர்வியூவில் சம்பளத்தோடு வேலை நேரத்தையும் கேளுங்கள். நம் மாநிலக் கடைகள் சட்டம் சொல்லும் வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் என்றால் ஓவர்டைம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். அப்படிக் கேட்கவும் மன உறுதி வேண்டும்தானே?